ஒற்றை வாகையின் விதை

எங்கள் விதைப் பண்ணையில் என் அண்ணிக்குப் பெயரே 'இருபது'தான். விதை பொறுக்கிக்கொண்டு வருகிற எவரையும் அவள் சும்மா விட்டதில்லை. "இருபது மரமா? ஒண்ணுக்கொண்ணு நூறு அடி தள்ளியா?" என்று கேட்டு, மூட்டைக்குள் கையை விட்டுக் கிளறிய பிறகுதான் தராசில் வைக்க விடுவாள். பதினெட்டு மரத்தோடு திரும்பிய என்னை, நாத்தனார் என்றும் பாராமல் மொட்டை வெயிலில் மறுபடி விரட்டியவள். எங்கள் அண்ணன் எப்படித்தான் இவளோடு குப்பை கொட்டுகிறானோ என்று அன்று வாய்விட்டே சொன்னேன்.

காரணம் எங்களுக்கும் தெரியாததல்ல. ஒரே மரத்து விதையை ஒரே இடத்தில் நட்டால் தோப்பு முழுக்க உடன்பிறப்புகள். அவற்றுக்குள்ளேயே மகரந்தம் மாறினால் அடுத்த தலைமுறை சொத்தை. காட்டில் இந்தக் கவலை கிடையாது. காற்று காய்ந்த நெற்றைத் திசைக்கொன்றாகத் தூக்கிப் போடும், பறவை தின்ற கொட்டையை எங்கோ எச்சமிடும். பண்ணையில் காற்றும் பறவையும் நாங்கள்தான்.

அவள் ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். மேட்டிலுள்ள வாகைத் தோப்பில் விதை எடுத்து, புதிதாக நடப்போகும் மலை முழுக்கப் போடப் போகிறார்களாம். அந்தத் தோப்பு பதினைந்து வருடத்துக்கு முன் அண்ணி பொறுக்கிய விதையில் வந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அடுப்படியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னாள்.

"அது ஒரே மரத்து விதைடீ. முழங்கால் வீங்கியிருந்துச்சு, நடக்க முடியல. பஸ் நிலையத்துக்குப் பின்னாடி தனியா ஒரு வாகை நின்னுச்சே, அதுக்கடியில மூட்டையை ரொப்பிட்டு இருபது மரம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் இத்தனை வருடக் கெடுபிடியும். எனக்கு ஆத்திரம் வந்தது. ஏனென்றால் தன் மகரந்தத்திலேயே காய்த்த அந்தத் தனி மரத்து நாற்றில் பாதி வெளிறிச் செத்தபோது, தண்ணீர் சரியாக விடவில்லை என்று பண்ணையின் தண்ணீர்க்காரரைத்தான் திட்டினார்கள். பாத்தியைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட அந்த மனிதரை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இத்தனைக்கும் நான் அவளிடம் சொன்னது என்ன தெரியுமா? "இன்னும் ஒரு வாரம், வாயை மூடிட்டு வெளிய வந்துடு அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?" நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கடைசி நாளில் தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக் கூட்டம் போட்டார்கள். மேலாளர் அவளுடைய நேர்மையை வாய் நிறையப் புகழ்ந்தார். அண்ணி எழுந்தாள். 

"அந்தத் தோப்புல விதை எடுக்காதீங்க சார். எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைங்க. நான் பொய் எழுதினேன். நாத்து செத்தது தண்ணியால இல்ல, என்னால."

ஒருவரும் பிஸ்கட்டைக் கடிக்கவில்லை. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, "அறிவிப்பை எடுத்துடுங்க" என்றார்.

வெளியே வரும்போது தண்ணீர்க்காரர் வழக்கம்போல் கேட்டைத் திறந்துவிட்டார். பதினைந்து வருடமாக அவரைக் கடக்கும்போதெல்லாம் அண்ணி ஏன் தரையைப் பார்த்தே நடந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க" என்று தொடங்கி, நடந்ததைச் சொல்லப் போனாள்.

"தெரியும்மா" என்றார் அவர். "அந்த நெத்தைக் காயவச்சு உடைச்சது நான்தானே. எல்லாம் ஒரே அச்சு. இருபது மரத்துக் காய் அப்படி இருக்காது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"உன் வேலை போயிருக்கும். நீயா சொல்லுவன்னு விட்டேன். தினம் காலையில கேட்டைத் திறக்கும்போது, இன்னிக்குச் சொல்லிடுவன்னு பார்ப்பேன்."

அவர் கேட்டைப் பிடித்தபடி நின்றார். அண்ணியால் அதைத் தாண்ட முடியவில்லை.