தாலுகா ஆபீஸ் வெள்ளியங்கிரி

வெள்ளியங்கிரியைப் பற்றிய முதல் பொய்யை அவன் எழுதவில்லை, நான்தான் எழுதினேன். அதைச் சொல்லாமல் அவன் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சேலத்துக் கல்லூரியில் 1925இல் இண்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டுப் பிரிந்த நாங்கள் நாற்பத்திரண்டு பேர். நான் சேலத்திலேயே ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராக அமர்ந்தேன். மூன்று வருஷம் கழித்து, பழைய சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் மறந்துவிடக் கூடாதே என்று ஒரு வருஷ மடல் தொடங்கினேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு போடுவேன். உத்தியோகம், கலியாணம், குழந்தை என்று அவர்கள் எழுதுவதையெல்லாம் சேர்த்து, இரண்டு தாளில் அச்சடித்து எல்லோருக்கும் தபாலில் அனுப்புவேன். முதல் பக்கத்தில் நற்செய்திகள். கடைசியில், யாராவது இறந்திருந்தால், கறுப்புக் கட்டம் போட்டுப் பெயர்.

அந்த முதல் வருஷம் வெள்ளியங்கிரியிடமிருந்து வந்த கார்டில் ஒரே வரிதான் இருந்தது: “நாமக்கல் தாலுகா ஆபீசில் இருக்கிறேன்.” அச்சுக்குக் கொடுக்கும்போது வரி மொட்டையாக இருக்கிறதே என்று நானே “குமாஸ்தாவாக” என்ற சொல்லைச் சேர்த்துவிட்டேன். அவன் பரீட்சையில் தேறவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படி வேலை கிடைத்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உண்மையில் அவன் தாலுகா ஆபீசுக்கு வெளியே இருந்தான். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய புளியமரத்தடியில் அர்ஜி எழுதுகிறவர்கள் நான்கு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அதில் மூன்றாவது ஆள் வெள்ளியங்கிரி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பட்டா மாற்றல், வரி வஜா என்கிற வரித் தள்ளுபடி, கிணற்றுத் தகராறு எதுவானாலும் கேட்பவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவான். கௌரவமான தொழில்தான். ஆனால் மடல் கைக்கு வந்து, “நாமக்கல் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக” என்று தன் பெயருக்கு எதிரே அச்சில் பார்த்தபோது, திருத்தி எழுத அவனுக்கு மனம் வரவில்லை. பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னான்: “அதைப் படிச்சப்ப சந்தோசமா இருந்துச்சு. அதுதான் இப்ப நெனச்சாலும் கூசுது.”

அடுத்த வருஷங்களில் அவனே எழுத ஆரம்பித்தான். 1931இல் சீனியர் குமாஸ்தா. 1935இல் ஹெட் குமாஸ்தா. நான் ஒவ்வொன்றையும் அச்சில் போட்டு, “நம் வகுப்புக்குப் பெருமை” என்று ஒரு வரி சேர்த்தேன்.

மடல் போகும் நாற்பத்தொரு விலாசங்களில் ஒன்று எருமப்பட்டி செங்கோட்டையன். ஹாஸ்டலில் வெள்ளியங்கிரியின் அறைத்தோழன். பரீட்சை முடிவு வந்த அன்று செங்கோட்டையன் தேறியிருந்தான், வெள்ளியங்கிரி கணக்கில் தவறிவிட்டான். தான் தேறியதை யாரிடமும் சொல்லாமல், வெள்ளியங்கிரியைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்து, பஸ் ஏற்றி அனுப்பிய பிறகுதான் செங்கோட்டையன் தன் வீட்டுக்குக் கடிதம் போட்டான். மேலே படிக்க நினைத்தவன், அப்பா இறந்துபோகவே குடும்பத்தின் புன்செய்க் காட்டைப் பார்க்க ஊரோடு நின்றுவிட்டான். நிலக்கடலை விலை விழுந்த வருஷங்களில் மிகவும் நொடித்துப்போனான் என்று கேள்வி. என் கார்டுகளுக்கு அவன் ஒருமுறைகூடப் பதில் எழுதியதில்லை. பதில் போடாதவர்கள் பட்டியலில் அவனைச் சேர்த்துவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

1938, புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வெள்ளைச் சேலை, கையில் துணியில் சுற்றிய ஒரு கட்டு, தாலுகா ஆபீஸ் வாசலில் சேவகனிடம் ஏதோ கேட்டாள். அவன் காதில் வாங்காமலே, “அர்ஜி இல்லாம உள்ளே போகக் கூடாது. அங்கே எழுதிக்கிட்டு வா” என்று மரத்தடியைக் காட்டினான். முதல் இரண்டு பேருக்கும் ஆள் இருந்தது. அவள் வெள்ளியங்கிரியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, ஒரு அர்ஜி எழுதோணுமுங்க.”

“சொல்லுங்க அம்மணி. யாருக்கு?”

“உள்ளார ஹெட் குமாஸ்தா இருக்கறாருங்களே, வெள்ளியங்கிரீன்னு. அவருக்குத்தானுங்க. என்ற ஊட்டுக்காரரும் அவரும் சேலத்துல ஒண்ணாப் படிச்சவிய.”

வெள்ளியங்கிரி பேனாவை மையில் தோய்த்தவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். மை சொட்டித் தாள் வீணாயிற்று. வேறு தாள் எடுத்தான்.

“ஊட்டுக்காரர் பேரு?”

“எருமப்பட்டி செங்கோட்டையனுங்க. ஆடி மாசம் விஷ ஜுரத்துல போயிட்டாருங்க.”

அர்ஜியில் அவன் எழுத வேண்டிய முதல் வரி அதுதான். ‘என் கணவர் காலஞ்சென்ற செங்கோட்டையன்’ என்று எழுதினான். சிநேகிதன் செத்த செய்தியை அவன் அப்படித்தான் அறிந்தான், கூலிக்கு எழுதுகிற தாளில், தன் கையெழுத்திலேயே.

அவள் பெயர் பாப்பாயி. இரண்டு பெண் குழந்தைகள். செங்கோட்டையனும் அவன் அண்ணனும் பாகம் பிரித்து, தம்பி பங்குக்கு இரண்டு காடு என்று பத்திரம் எழுதியிருந்தார்கள். ஆனால் பட்டா மட்டும் அண்ணன் பெயரிலேயே இருந்தது. தம்பி செத்த முப்பதாம் நாள் அண்ணன் வந்து, இரண்டு காட்டையும் இனித் தானே உழுவதாகச் சொல்லிவிட்டார். “சாகறதுக்கு மொத நாளு சொன்னாருங்க. ‘ஒண்ணுக்கும் பயப்படாதே, நாமக்கல்லுல வெள்ளியங்கிரி இருக்கறான், அவங்கிட்டப் போ’ன்னு.” அவள் துணிக் கட்டை அவிழ்த்தாள். உள்ளே பாகப் பத்திரம். அதன் மேல், நான் பத்து வருஷம் அனுப்பிய மடல்கள் அத்தனையும், மடிப்புக் கலையாமல்.

அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அவனுக்கும் நடுவே தாள் வைத்து எழுதுகிற ஒரு சாய்வுப் பெட்டிதான் இருந்தது. அவன் சொல்லவில்லை. ‘கனம் ஹெட் குமாஸ்தா வெள்ளியங்கிரி அவர்கள் சமூகத்துக்கு’ என்று மேலே தலைப்பெழுதி, அவள் சொன்னதையெல்லாம் எழுதி, படித்துக் காட்டி, பெருவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டான். பிறகு, “ஹெட் குமாஸ்தா முகாம் போயிருக்கறாருங்க. நான் சேத்துடறேன். அடுத்த திங்கக்கெழம வாங்க” என்றான். அவள் கும்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தும் வெயிலில் பஸ் நிற்கும் இடத்துக்கே போய் நின்றுகொண்டாள்.

அந்த ஏழு நாளும் அவன் மரத்தடிக்குப் போகவில்லை. மனைவியிடம் வயிற்றுவலி என்றான். அர்ஜியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கமலாலயக் குளக்கரையில் போய் உட்கார்ந்திருப்பான். ஊரை விட்டு ராசிபுரத்துக்கே குடிபோய்விடலாமா என்றுகூட யோசித்தான். நெய் மண்டி ஒன்றில் கணக்கெழுத ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தான்.

ஆனாலும் திங்கட்கிழமை போனான். அவள் அவனுக்கு முன்பே வந்து காத்திருந்தாள்.

“வந்துட்டாருங்களா?”

“அம்மணி, உள்ளார வெள்ளியங்கிரீன்னு யாருமில்லீங்க. நாந்தான் வெள்ளியங்கிரி.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரோ அதே பெயர்க்காரர் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். அவன் ஹாஸ்டல் அறையைச் சொன்னான். செங்கோட்டையன் இடது கையால் எழுதுவதைச் சொன்னான். அப்போது அவள் முகம் மாறியது.

“அப்ப அந்த அர்ஜி?”

“என்கிட்டத்தானுங்க இருக்குது.” பையிலிருந்து எடுத்து வைத்தான். வியர்வையில் எழுத்து கலங்கியிருந்தது.

“ஹெட் குமாஸ்தான்னு மடல்ல போட்டிருந்துச்சுங்களே.”

“நாந்தான் அப்படி எழுதி அனுப்பினேனுங்க.”

அவள் அர்ஜியை எடுத்து மடித்தாள். எழுந்து, பக்கத்துப் பாயில் இருந்த நான்காவது ஆள் சின்னண்ணனின் எதிரில் போய் உட்கார்ந்தாள். முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.

நான்கு முழம் தள்ளி உட்கார்ந்து வெள்ளியங்கிரி அத்தனையையும் கேட்டான். சின்னண்ணனுக்கு வயதாகிவிட்டது, காதும் மந்தம். சர்வே நம்பரைத் தப்பாக எழுதினார். பாகப் பத்திரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெள்ளியங்கிரி பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. “அண்ணா, நம்பர் நூத்தி எட்டுங்க, நூத்தி எண்பதில்ல. பத்தரத்தோட நகலையும் சேத்து வெக்கோணும்” என்றான். சின்னண்ணன் திருத்திக்கொண்டார். பாப்பாயி அவன் பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அந்த அர்ஜி எந்த மேஜையில் இருக்கிறது என்று அவன் தினமும் விசாரித்தான். பன்னிரண்டு வருஷமாக வெளியே உட்கார்ந்தவன், அதுவரை அந்தப் படியேறி யாரையும் எதுவும் கேட்டதில்லை. குமாஸ்தாக்கள் விரட்டினார்கள். மறுநாளும் போனான். “உனக்கு என்னய்யா சொந்தம்?” என்று உண்மையான ஹெட் குமாஸ்தா ஒருநாள் கேட்டார். அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று என்னிடம் சொல்லவில்லை.

கார்த்திகையில் அவனிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. இரண்டே விஷயம். “எருமப்பட்டி செங்கோட்டையன் ஆடி மாதம் காலமானான். நான் ஹெட் குமாஸ்தா அல்ல, என்றுமே ஆபீசில் வேலை பார்த்ததில்லை, அர்ஜி எழுதிப் பிழைக்கிறேன், இரண்டையும் மடலில் போடவும்.”

முதலாவதைக் கறுப்புக் கட்டத்தில் போட்டேன். இரண்டாவதை அடித்துவிட்டேன். அவன் மானத்தைக் காப்பதாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து வருஷம் ஒரு கேள்வி கேட்காமல் அச்சடித்த என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தை மாதம், பிரிந்து பதினான்கு வருஷமாகப் போகிறது என்று சேலத்தில் எங்கள் பள்ளிக்கூட ஹாலில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். வெள்ளியங்கிரியும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். இறந்தவர்களுக்காக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். மூன்று பெயர். மூன்றாவதாக, “எருமப்பட்டி செங்கோட்டையன். தகவல் தந்தவர், நாமக்கல் ஹெட் குமாஸ்தா நண்பர் வெள்ளியங்கிரி” என்று படித்தேன். தாளில் அப்படி எழுதியிருக்கவில்லை. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவன் உட்காரவில்லை.

“நான் ஹெட் குமாஸ்தா இல்லீங்க” என்றான். “வெளியில மரத்தடியில அர்ஜி எழுதறேன். செங்கோட்டையன் சம்சாரம் என்னத் தேடி வந்தாங்க. எனக்கே ஒரு அர்ஜி எழுதச் சொன்னாங்க. நானும் எழுதிக் குடுத்து, ஆள் முகாம் போயிருக்கறாருன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

ஹாலில் யாரோ செருமினார்கள். ஓமலூரில் வக்கீலாக இருந்த சண்முகவேல், “சரி சரி, உட்காரப்பா. அதெல்லாம் இங்கே எதுக்கு?” என்றான். அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான்தான் முதல் மடலில் அந்தச் சொல்லைச் சேர்த்தேன் என்று எழுந்து சொல்ல எனக்கு அந்த நிமிஷம் போதுமானதாக இருந்தது. நான் தாளைத் திருப்பி நற்செய்திகளைப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு கலியாணம், ஒரு பதவி உயர்வு, ஓர் ஆண் குழந்தை. கை தட்டினார்கள். நான் முடித்து நிமிர்ந்தபோது கடைசிப் பெஞ்ச் காலியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து நாமக்கல்லுக்குப் போய் மரத்தடியில் அவனைப் பார்த்தேன். என் பங்கைச் சொன்னேன். “நீ ஒரு சொல்தான் போட்டே. பாக்கியெல்லாம் நான்தானே” என்றான். அவனைப் பற்றி இதுவரை நான் எழுதியதெல்லாம் அன்று அவன் சொன்னதுதான். நடுவில் ஒரு கிழவருக்கு வரி வஜா அர்ஜி ஒன்றும் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு நான் மடல் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், யுத்தம் வந்துவிட்டது, காகித விலை ஏறிவிட்டது என்றேன்.

பாப்பாயிக்குப் பட்டா கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று என்று பின்னால் அவன் எனக்கு எழுதினான். ஒரு காடு கிடைத்தது. கிணறு இருந்த காடு அண்ணனிடமே தங்கிவிட்டது. அதற்குச் சிவில் கோர்ட்டுக்குப் போக அவளுக்குத் தெம்பில்லை. உத்தரவு வந்த அன்று அவள் அதைச் சின்னண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். போகிற வழியில் வெள்ளியங்கிரியின் எதிரே ஒரு கணம் நின்றாளாம். தினமும் உள்ளே போய் விசாரித்தது அவன்தான் என்று சேவகன் அவளிடம் சொல்லியிருந்தான்.

“மடல் வந்தா என்ற ஊட்டுக்காரரு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி படிப்பாருங்க” என்றாள். “ஒரு வருசம், ‘போயி ஒருக்காப் பாத்துட்டு வாங்களேன்’னேன். ‘கோவணத்தோட காட்டுல நிக்கறவன் ஹெட் குமாஸ்தாவப் போயி எப்படிப் பாக்கறது’ன்னுட்டாருங்க. நீங்க இங்க மரத்தடியில இருக்கறீங்கன்னு தெரிஞ்சிருந்தா, சந்தைக்கு வரும்போதெல்லாம் வந்து உங்களோட உக்காந்திருப்பாருங்க.”

பஸ் வந்துவிடும் என்று சொல்லிப் போய்விட்டாள். வெள்ளியங்கிரி அன்று அதன் பிறகு யாருக்கும் எழுதவில்லை.