கேட்டால்தான் கழிப்பார்கள்

குண்டுமணி என்ற பெயரை எங்கள் சொந்தத்தில் முதன்முதலாகக் கேட்டது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். எட்டாவதாகப் பிறந்த பிள்ளையைத் துணியோடு வாங்கிப் பார்த்த பெரியத்தை, "என்னடி இது, குண்டுமணி கணக்கா இருக்கு! சரக்கையெல்லாம் மூத்ததுங்களுக்கே செலவு பண்ணிட்டியா?" என்று பெற்றவளைக் கேட்டாள். பெற்றவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஆனால் பெயர் பசைபோல ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் இருந்த பெயரை அவளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

குளிப்பாட்டியது, தலை சீவியது, முதுகில் நாலு வைத்துப் படிக்க உட்கார்த்தியது எல்லாம் மூத்த அக்காதான். அம்மா பாதி நாள் படுக்கையில். அதனால் அக்கா என்றால் குண்டுமணிக்கு அம்மாவுக்கும் ஒரு படி மேல்.

புருஷன் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது இடுப்பு ஒடிந்து வீட்டோடு ஆனபிறகு, முப்பத்து நாலு வயதில் குண்டுமணி நகைக்கடை வேலைக்குப் போனாள். முதலாளி பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"இங்கேயே பத்திரமா இருக்கட்டும்மா. கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

"என்னோட சேத்து எட்டு, சார்."

"பெரியப்பா, சித்தப்பா வீடெல்லாம்?"

விரல் விட்டு எண்ணினாள். பத்து விரலும் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மொத்தம் பதினேழு வீடு. முதலாளியின் முகம் மலர்ந்துபோயிற்று. வேலை கேட்டு வந்தவளின் குடும்பத்தையெல்லாம் விசாரிக்கிறாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று அவளுக்குக் கண் கலங்கியது. கூட்டல் கழித்தல் தெரியுமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். கல் வைத்த நகையின் சீட்டில் முன்பக்கம் மொத்த எடை இருக்கும். பின்பக்கம், பொடி எழுத்தில், கல்லையும் உள்ளே அடைத்த அரக்கையும் கழித்த தங்க எடை. வாங்குகிறவர் கேட்டால் கழித்து பில் போடுவார்கள். கேட்காவிட்டால் கல்லும் அரக்கும் தங்க விலைக்கே போகும். விற்கிறவர்கள் தாமாக வாய் திறக்கக் கூடாது. வெளியாட்கள் பாதிப் பேராவது சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

"நம்ம குண்டுமணி நிக்கிற கடை. அவளை வெச்சுக்கிட்டு இதையெல்லாம் கேட்டா அவளுக்கு அசிங்கமில்லையா?" என்றார் சித்தப்பா. நாத்தனார் வந்தாள், இரண்டு அண்ணிகள் வந்தார்கள், பெரியம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முதல் தடவை சொல்ல வாயெடுத்தபோது சூப்பர்வைசர் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். அன்று விழுங்கியதை அடுத்த தடவை துப்புவது எப்படி? போன தடவை எங்கே போயிருந்தது வாய் என்று கேட்பார்களே. இப்படியே நாலு வருஷம் ஓடிற்று. ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் "கடைக்காரம்மா வந்தாச்சு" என்று நாற்காலி இழுத்துப் போட்டார்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றே பழகிய அவளுக்கு அந்த நாற்காலி முள்ளாகக் குத்தியது.

ஐந்தாம் வருஷம் அக்காவும் மாமாவும் வந்தார்கள். மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வந்த பணம் முழுவதையும் பையில் வைத்து நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"இதுதாண்டி எங்க ரெண்டு பேருக்கும். நாளைக்கு ஒண்ணுன்னா பசங்க கையை எதிர்பாக்கக் கூடாது. தங்கமாப் போட்டு வெச்சுடலாம்னு" என்றாள் அக்கா.

குண்டுமணி கல்லே இல்லாத சங்கிலிகளை எடுத்துப் பரப்பினாள்.

"என்னடி, மாட்டைக் கட்டுற கயிறு மாதிரி இருக்கு! அந்தச் செவப்புக்கல் ஆரத்தை எடு."

"அது உனக்கு வேணாங்க்கா. கழுத்துல உறுத்தும்."

"ஆமா, என் கழுத்து உனக்குத் தெரியும்! எடுடீன்னா."

ஆரம் அறுபது கிராம். சீட்டின் பின்பக்கத்தில் நாற்பத்தாறு. குண்டுமணி சீட்டைத் திருப்பி, கட்டைவிரலை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் வைத்து அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அக்கா அதை ஒதுக்கிவிட்டு, ஆரத்தைக் கழுத்தில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"மாமா, நீங்களாவது படிங்களேன்."

"நான் கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா. நீதான் எங்க கண்ணாடி" என்று மாமா சிரித்தார்.

"பில் போட்டுடலாமாம்மா?" என்று சூப்பர்வைசர் வந்து நின்றார். மாமா பையின் ஜிப்பை இழுத்தார்.

அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. மேசை ஓரத்தில் வழிக்கு வைத்த பலகையைத் தூக்கினாள். வெளியே வந்தாள். அக்காவின் பக்கத்தில், வாங்குகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள். நாலு வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் நின்றதே இல்லை.

"சார், கல்லையும் அரக்கையும் கழிச்சு எடை எவ்வளவு? நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்தா எந்த எடைக்குக் காசு குடுப்பீங்க? ரெண்டையும் பில்லுல எழுதிக் குடுங்க."

சூப்பர்வைசருக்கு வியர்த்துவிட்டது. "என்னம்மா, வெளையாடறியா? உள்ள போ."

"நான் இப்ப இவங்க தங்கச்சி. பதில் சொல்லுங்க."

பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல், "நாப்பத்தாறு" என்றார் சூப்பர்வைசர். "திருப்பிக் குடுத்தாலும் அதுக்குத்தான்."

மாமா ஜிப்பை மூடினார். அக்கா ஆரத்தைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தாள். அக்கா தன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுதான் குண்டுமணி நினைத்தாள்.

"அப்போ," என்றாள் அக்கா, "போன வருஷம் என் மருமகளுக்கு எடுத்தோமே, கல்லு வெச்ச நெக்லஸ். அன்னிக்கும் நீதானே எடுத்துக் குடுத்தே?"

குண்டுமணி சீட்டை மறுபடி முன்பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"சித்தப்பா வீட்டுக்கு? பெரியம்மா பேத்திக்கு? கேக்குறேன்ல, வாயில என்ன கொழுக்கட்டையா? என் வீட்டையும் சேத்து எல்லாரையும் வித்துட்டியாடி?"

மாமாதான் தோளைத் தொட்டு அக்காவை அழைத்துப்போனார். எதிர்த்தெருக் கடையில், கழித்த எடையை நாலு தடவை கேட்டு, கல்லில்லாத சங்கிலி ஒன்றை வாங்கிப் போனார்களாம். அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு வீட்டிலும் பழைய பில்களைத் தேடத் தொடங்கினார்கள்.

முதலாளி கத்தவில்லை. "உன்னை அனுப்பினா ஏதோ தப்பு நடந்துச்சுன்னு ஊரே பேசும். நீயும் இதைச் சொல்லிட்டு இன்னொரு கடையில வேலை கேக்க முடியாது. மேல போய் நில்லு" என்றார். சர்டிபிகேட்டைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அக்காவிடம் இருக்கும் தங்கம் தங்கமாகவே இருக்கிறது. குண்டுமணியோடு அவள் இன்னும் பேசுவதில்லை. குண்டுமணி இப்போது அதே கடையின் மூன்றாவது மாடியில், வெள்ளிப் பாத்திரப் பிரிவில், காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறாள்.