ஜெராக்ஸில் விழாத இரண்டு வரி

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அரியலூரில் பள்ளிகளுக்கு இடையே ஒரு கும்மிப் போட்டி. ஆண்டிமடம் பக்கத்தில் பாட்டு டீச்சராக இருந்த நான், எட்டுப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். ஜெயித்தால் அடுத்த சுற்று திருச்சியில். எட்டில் ஒருத்திகூட அதுவரை திருச்சியைப் பார்த்ததில்லை.

முந்தின வருஷம்தான் நான் ஒரு புத்தகம் போட்டிருந்தேன். முந்திரிக்கொட்டை பொறுக்கும் பெண்களிடம் நாலு வருஷம் அலைந்து கேட்ட கும்மிப் பாட்டுகள், ஸ்வரத்தோடு. எந்தப் பதிப்பகமும் சீந்தவில்லை. வளையலை விற்று நானே அச்சடித்து, அரியலூரில் ஒரு கடையில் விற்கக் கொடுத்திருந்தேன்.

போட்டியில் முதல் பள்ளி என் புத்தகத்துப் பாட்டையே பாடியது. இரண்டாவது பள்ளியும் அதையே பாடியது. புத்தகம் நன்றாகப் போகிறது போல என்று பூரித்துப்போனேன். அப்புறம்தான் உறைத்தது, யாருமே பாட்டை முடிக்கவில்லை. அந்தக் கும்மியில் கடைசி இரண்டு வரிக்குக் கைத்தட்டு நிதானமாகும். பாடுகிறவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பார்கள். ஊர்ப் பெயரை விட்டுவிட்டால் எங்கள் பக்கத்தில் சண்டைக்கே வருவார்கள். இங்கே எங்களுக்கு முன்னால் பாடிய ஏழு பள்ளியும் அதற்கு முன்னாலேயே டக்கென்று நின்றன.

பக்கத்திலிருந்த, போட்டியை நடத்தும் பள்ளியின் டீச்சர் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தேன். ஜெராக்ஸ். என் புத்தகப் பக்கம் நீளம், தாள் குட்டை. அடியில் இரண்டு வரி விழவே இல்லை.

"ஒரு புக்குதான் டீச்சர் வாங்கினோம். அதுலேருந்து இந்தப் பக்கத்து ஸ்கூலுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துட்டோம்" என்றார், ஏதோ அன்னதானம் போட்ட மாதிரி.

கடைசியாக என் பிள்ளைகள் அதே பாட்டை ஊர்ப் பெயரோடு முழுசாகப் பாடினார்கள். பரிசு இல்லை. நடுவரிடம் போய்க் கேட்டேன். அவர் கையிலும் அதே ஜெராக்ஸ்.

"உங்க பிள்ளைங்க கடைசியில ரெண்டு வரி சேத்துப் பாடிட்டாங்க மேடம். பேப்பர்ல இல்லியே. அதான் மார்க் கொறச்சேன்."

பையிலிருந்த என் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

"இதப் போட்டதே நான்தாங்க. இங்க இருக்கு பாருங்க, ரெண்டு வரியும்."

அவர் நிதானமாகப் பார்த்தார். "ரிசல்ட் சொல்லியாச்சேங்க" என்றவர், "ஆமா, இந்தப் பக்கத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்புகையில் பஸ்ஸில், உடையார்பாளையம் தாண்டியதும் ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அடுத்த வருஷம் நாமளும் ஊரு பேர வுட்டுட்டே பாடிடலாமா?"

இன்றைக்கும் யாராவது, "உங்க புக்க ஜெராக்ஸ் போட்டு வச்சிருக்கேன் டீச்சர்" என்று பாராட்டு மாதிரி சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் குரல்தான் காதில் விழுகிறது. சிரித்து மழுப்ப என்னால் முடிவதில்லை.