வாய்க்கு விழுந்த தண்டனை

ரேஸ் கார் ஓட்டுறவங்க இனிமே கெட்ட வார்த்தை பேசினா தண்டனை உண்டுன்னு டிவியில சொன்ன அன்னிக்கு, சோத்துக் கையோட எந்திரிச்சு நின்னு கத்தினவன் நான். "அட கெரகமே! முன்னூறு கிலோமீட்டர் வேகத்துல போறவன், குறுக்க ஒருத்தன் பூந்தா 'தயவு செஞ்சு தள்ளிக்கோங்க'ன்னா சொல்லுவான்? வாயில வர்றதைத்தான் பேசுவான்!"

எம் பொண்டாட்டி, என்ற ஊட்டுக்காரி, ரசத்தை ஊத்திட்டே சொல்றா: "நல்ல வேளைங்க, நீங்க பனியன் கம்பெனிக்கு வந்தீங்க. அங்க போயிருந்தா கொடி காட்டறதுக்கு முந்தியே திருப்பி அனுப்பியிருப்பாங்க."

அவ சொன்னதுல தப்பில்லை. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில நான் புரொடக்சன் மேனேஜர். எனக்குக் கோவம் மூக்குக்கு மேல. வாயத் தொறந்தா எருமை, சனியன், தண்டம், மூதேவி எல்லாம் வரிசை கட்டி எறங்கும். ஆனா ஆள் பேதம் கிடையாது. பீஸைக் கோணலாத் தெச்சாலும் எருமை. நல்லாத் தெச்சா, "அடி எருமை, இப்படித் தெக்கத் தெரிஞ்சுட்டா இத்தனை நாள் மறைச்சு வெச்சிருந்தே?" டீக் குடிக்கக் கூப்பிடறதும் எருமைதான். மனசுல ஒண்ணும் கிடையாதுங்க, வாய்தான் அப்படி. இதைச் சொல்லிச் சொல்லியே இருபது வருசத்தை ஓட்டிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொழுதோட ரேஸ் பாக்கறது எங்க ஊட்டு வழக்கம். எல்லாரும் வேகத்துக்காகப் பாப்பாங்க, நான் விசாரணைக்காகப் பாப்பேன். இன்னாரை விசாரிக்கறாங்கன்னு திரையில ஒரு வரி வந்தாப் போதும், நாற்காலி நுனிக்கு வந்துருவேன். வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய் முந்தினவன் அந்த இடத்தைத் திருப்பிக் குடுத்தாகணும். அடுத்தவனை இடிச்சவனுக்கு அஞ்சு செகண்டு, பத்து செகண்டு. அந்த அஞ்சு செகண்டு இருக்குதே, அதுதான் எனக்கு உசிரு. டயர் மாத்த வந்து நிக்கற காரை அஞ்சு செகண்டுக்கு ஒருத்தரும் தொடக் கூடாது. புது டயரைக் கையில வெச்சுட்டு அத்தனை பேரும் செலையாட்ட நிப்பாங்க. உள்ள உக்காந்திருக்கறவன் கொதிச்சுட்டு இருப்பான். மத்த காரெல்லாம் விர்ரு விர்ருன்னு போயிட்டிருக்கும். "இதாண்டா தண்டனை! நிக்கட்டும் எருமை!"ன்னு நான் தொடையத் தட்டுவேன்.

எங்க கம்பெனியில ஒடிசாவுல இருந்து வந்த ஒரு பொண்ணு இருக்குது. வந்த புதுசுல ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. எனக்கு இந்தி சுட்டுப் போட்டாலும் வராது. மெசினு முன்னால உக்கார வெச்சு, கையக் காட்டிக் காட்டி, கத்திக் கத்தியே வேலை சொன்னேன். ரெண்டே வருசம், பனியனுக்கு அடி மடிச்சுத் தெக்கறதுல அந்தத் தையல் லைன்ல அதுக்கு மிஞ்சின ஆள் இல்லைன்னு ஆகிப் போச்சு. தமிழும் கடகடன்னு வந்துருச்சு. யார்கிட்டக் கத்துக்குதுன்னு நான் யோசிக்கவே இல்லை.

போன மார்ச் மாசம் அந்த லைனுக்கு சூப்பர்வைசர் வேணும்னு வந்தப்ப, இந்தப் பொண்ணுக்குத்தான் குடுக்கணும்னு நாந்தான் ஒத்தக் கால்ல நின்னேன். சூப்பர்வைசர்னா குடும்பத்தோட தங்க கம்பெனி லைன் ஊடு ஒண்ணு குடுப்பாங்க. அந்தப் பொண்ணு லேடீஸ் ஹாஸ்டல்ல, புருசன் சாயப்பட்டறை ரூம்ல, நாலு வயசுப் பொண்ணு ஒடிசாவுல பாட்டிகிட்ட. மூணு பேரும் மூணு எடத்துல. "ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கூட்டிட்டு வந்துருவேன் சார்"னு சொல்லுறப்ப அதுக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோசமா இருந்துது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில சூப்பர்வைசரா மொத நாள். நான் லைனுக்கு அந்தக் கோடியில நின்னு பெருமையாப் பாத்துட்டிருக்கேன். மூணாவது மெசின்ல தூத்துக்குடிக்காரம்மா ஒருத்தங்க. பேரன் பேத்தி எடுத்தவங்க, கம்பெனியில என்னைவிட சீனியர். அவங்க தெச்ச பீஸை எடுத்துப் பாத்த நம்ம பொண்ணு, வாய் நெறையச் சிரிச்சுட்டே, கணீர்னு சொல்லுது:

"ஏய் எருமை! கண்ணை எங்க அடகு வெச்சே? பொழுதோட தோலை உரிச்சுக் கொடியில காயப் போட்டுருவேன், தண்டம்!"

என்ற வாய், என்ற ராகம். "தண்டம்"ல நான் ஒரு இழுப்பு இழுப்பேன், அது கூட அப்படியே இருந்துது.

மெசின் நின்னுது. அந்தம்மா எந்திரிச்சாங்க. "ஏட்டி, யாரப் பாத்து எருமைன்னு சொல்லுத? நேத்து வந்த சிறுக்கி, ஒனக்கு அம்புட்டு வாயா?" பக்கத்து மெசினும் நின்னுது. அப்புறம் லைனே நின்னுது. மொத்தப் பேரும் ஹெச்.ஆர். ரூமுக்குக் கெளம்பிட்டாங்க. பொண்ணு மட்டும் அந்தப் பீஸைக் கையில புடிச்சுட்டு, என்ன நடந்துதுன்னே தெரியாம நின்னுட்டிருந்துது.

ஹெச்.ஆர். மேடம் சின்ன வயசுதான், ஆனா விதின்னா விதி. தொழிலாளியை வசவு பேசறவங்க சூப்பர்வைசரா இருக்கக் கூடாதுன்னு எங்க சரக்கை வாங்கற வெளிநாட்டு பையருக்கு நாங்க எழுதிக் குடுத்திருக்கோம். "திங்கக்கிழமை ஆர்டர் போட்டுடறேன் சார். அந்தப் பொண்ணு மறுபடி டைலர்தான்"னு சொல்லிட்டாங்க. அப்ப அந்த விதி இருபது வருசமா எனக்கு மட்டும் எங்க போச்சுன்னு கேக்கறீங்களா? மாசக் கடைசியில கணக்கா சரக்கு ஏத்தி உடற மேனேஜரை எவன் கேப்பான்? எவனும் கேக்கலை, நானும் சொல்லலை.

வெளிய வந்தா அந்தப் பொண்ணு நிக்குது. "சார், நான் என்ன தப்பு சொன்னேன்? நீங்க சொல்றதைத்தானே சொன்னேன்?"

"ஒண்ணுமில்ல கண்ணு, நான் பேசிக்கறேன்"னு சொல்லிட்டுக் கட்டிங் செக்சனுக்கு ஓடினேன். அன்னிக்குக் கட்டிங்ல எனக்கு ஒரு சோலியும் கிடையாது.

ஞாயித்துக்கிழமை வந்துது. ரேஸ்ல பாதி ஓடியிருக்கும். எனக்குப் பிடிச்ச ஓட்டுநர், ரெண்டாவது எடத்துல வந்துட்டிருந்தான், டயர் மாத்த உள்ள வந்தான். மாத்தி முடிச்சதும் அவனோட டீம் ஆளு பின்னால வர்ற காரைப் பாக்காம, 'போ'ன்னு உட்டுட்டான். இவன் பாஞ்சு வெளிய வர, பக்கத்துல வந்த இன்னொரு கார் மயிரிழையில தப்பிச்சுது. இவனுக்கு அஞ்சு செகண்டு தண்டனை.

நான் எகிறிக் குதிச்சேன். "அக்கிரமம்! இவன் என்ன பண்ணினான்? போன்னு சொன்னாங்க, போனான்! உள்ள உக்காந்திருக்கறவனுக்குப் பின்னால வர்றது என்ன தெரியும்? உட்டவன் பண்ணின தப்புக்கு ஓட்டினவனுக்குத் தண்டனையா? உட்டானே அந்த எருமை, அவனைப் புடிச்சு நிக்க வெய்யிங்கடா!"

ஊட்டுக்காரி முருங்கைக் கீரை உருவிட்டு இருந்தா. தலையத் தூக்காமக் கேட்டா: "ஏனுங்க, அந்த ஒடிசாப் பொண்ணை உட்டது யாருங்க?"

எனக்கு வந்துது பாருங்க கோவம். "ரேஸும் கம்பெனியும் ஒண்ணாடி? பேசாம கீரையப் பாரு!"ன்னு கத்தினேன். அவ பேசாம கீரையப் பாத்தா. நான் டிவியப் பாத்தேன். யார் ஜெயிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

திங்கக்கிழமை காலையில மேடம் வர்றதுக்கு முந்தியே அவங்க ரூம் வாசல்ல போய் நின்னேன். "மேடம், அந்தப் பொண்ணு பேசினது அத்தனையும் என்ற வார்த்தை. அர்த்தமே தெரியாது அதுக்கு. தண்டனையை என்ற பேர்ல எழுதுங்க"ன்னேன். மேடம் என்னை ஏற எறங்கப் பாத்தாங்க. "எழுத்துல குடுப்பீங்களா சார்?" குடுத்தேன். "சரிங்க சார், அந்த அக்கா ஒத்துக்கிட்டாத்தான்"னு தூத்துக்குடிக்காரம்மாவைக் கூப்பிட்டு உட்டாங்க.

அந்தம்மா முழுக்கக் கேட்டுட்டு இடுப்புல கைய வெச்சாங்க. "அந்தப் புள்ள பேசும்போதே நெனச்சேன், இந்தப் பாட்ட எங்கயோ கேட்டிருக்கமேன்னு! சரி, புள்ளைக்கு வேல இருக்கட்டும். சார் ஒரு நாள் எங்க லைன்ல வந்து ஒக்காந்து தைக்கட்டும். அவதான் சூப்பர்வைசரு. ஒரு கெட்ட வார்த்த வந்துச்சுன்னா கையக் கட்டிட்டு சும்மா நிக்கணும்."

"அஞ்சு செகண்டு"ன்னேன் நான். வாய் தானா சொல்லிருச்சு.

அதுக்கு முந்தி ஒரு காரியம் பாக்கி இருந்துது. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டேன். "எருமைன்னா என்னன்னு நெனச்சே?"ன்னு கேட்டேன்.

"பாசமாக் கூப்பிடறது சார். நீங்க எல்லாரையும் கூப்பிடுவீங்களே. டீக்குக் கூட."

கம்பெனிக்குப் பின்னால ஒரு சோளக் காட்டுல எருமை கட்டியிருக்கும். ஜன்னல் வழியாக் கையக் காட்டினேன். அந்தப் பொண்ணு எருமையப் பாத்துது. என்னைப் பாத்துது. மறுபடி எருமையப் பாத்துது. அப்புறம் மெதுவாச் சொல்லுச்சு, "சார், என் பொண்ணை தெனம் போன்ல அப்படித்தான் கூப்பிடறேன். தமிழ் ஊருக்கு வரப் போகுது, தமிழ்ல ஒரு செல்லப் பேர் இருக்கட்டும்னு."

எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துது. வெக்கம்னா அப்படி ஒரு வெக்கம். "மாத்திரு கண்ணு, கண்ணுன்னு கூப்பிடு"ன்னேன். "மாத்திடறேன் சார்"னு தலையாட்டுச்சு.

மக்காநாள், செவ்வாய்க்கிழமை, லைன்ல உக்காந்தேன். மெசினைத் தொட்டுப் பதினஞ்சு வருசம் ஆச்சு. முத பீஸ்லயே ஊசி ஒடஞ்சுது. "சனியன்!"னேன். "சார், அஞ்சு!"ன்னாங்க பக்கத்துல இருந்த தூத்துக்குடிக்காரம்மா. எந்திரிச்சுக் கையக் கட்டிட்டு நின்னேன். லைனே சேந்து எண்ணுச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. பத்து மணி டீக்குள்ள ஏழு தடவை நின்னேன். எனக்குப் பின்னால இருக்கற மெசினுக்கெல்லாம் பீஸ் போகாம, முன்னால மட்டும் மலையாட்டக் குமிஞ்சு போச்சு. பக்கத்து லைன்காரங்க எல்லாம் தண்ணி குடிக்கற சாக்குல வந்து வேடிக்கை பாத்துட்டுப் போனாங்க. "என்ன சார், கண்ண எங்க அடகு வெச்சிய?"ன்னு அந்தம்மா கேட்டதுக்கு நானே சிரிச்சுட்டேன்.

பொண்ணு வந்து என்ற பீஸை எடுத்துது. அடிப்பக்கம் ஆத்துத் தண்ணி போறாப்பல வளைஞ்சு நெளிஞ்சு கெடந்துது. லைன்ல அத்தனை மெசினும் சத்தம் போடாம நின்னுது. பொண்ணு ரெண்டு தடவை வாயத் தொறந்து மூடுச்சு. அப்புறம் சொல்லுச்சு, "இது சரியில்லீங்க சார். பிரிச்சுத் தெச்சுக் குடுங்க."

அவ்வளவுதான். கத்தினா ஆகற நேரத்துல பாதிதான் ஆச்சு. நான் பிரிச்சேன், திரும்பத் தெச்சேன், இந்தத் தடவை நேரா வந்துது. இருபது வருசமா நான் தொண்டை கிழியக் கத்தினது எதுக்குன்னு எனக்கே வெளங்கலை.

அதுக்கப்புறம் நான் ஒரே நாள்ல திருந்திட்டேன்னு சொன்னா என்ற ஊட்டுக்காரியே நம்ப மாட்டா. அஞ்சு செகண்டு மட்டும் கம்பெனியில நெலச்சுப் போச்சு. எந்த எடத்துல வாய் தவறினாலும் எவளாவது ஒருத்தி "சார், அஞ்சு!"ம்பா, நான் நிப்பேன்.

ஜூன் மாசம் மொத வாரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அந்தப் பொண்ணு புருசனோட வாசல்ல நிக்குது. கையப் புடிச்சுட்டு, ரெட்டைச் சடை போட்டுட்டு, நாலு வயசுல ஒரு வாண்டு. லைன் ஊட்டுச் சாவி வாங்கிட்டு நேரா இங்க வந்திருக்காங்க. எனக்குச் சந்தோசம் தாங்கலை. வாய்ல அந்த வார்த்தை வரப் பாத்துது, கடிச்சுட்டு முழுங்கினேன். குனிஞ்சு, இருக்கற மரியாதையெல்லாம் சேத்துக் கேட்டேன், "வாங்க கண்ணு. உங்க பேரென்னங்க?"

கொழந்தை நிமுந்து பாத்து, கணீர்னு சொல்லுச்சு: "எருமை!"

சாப்பிட்டுட்டு இருந்த அத்தனை பேரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அம்மாக்காரி நெத்தியில அடிச்சுக்கிட்டா. "மாத்தவே முடியலை சார், அதுக்கு அந்தப் பேர்தான் பிடிச்சிருக்கு." தூத்துக்குடிக்காரம்மா சோத்துக் கையத் தூக்கி, "சார், இதுக்கும் ஒங்களுக்குத்தான் அஞ்சு!"ன்னாங்க.

கையக் கட்டிட்டு நின்னேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு இருக்காங்க. நிக்கறப்ப வேற வேலை இல்லாம, எதுக்க நின்ன அந்தப் பொண்ணு கழுத்துல தொங்கற கார்டைப் படிச்சேன். அழகான பேர். ரெண்டு வருசத்துல ஒரு தடவை கூட நான் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

அஞ்சு முடிஞ்சுது. மகளோட திரும்பி நடந்துட்டிருந்தா. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவ நிக்கலை. என்ற வாயில இருந்து அந்தப் பேர் வந்தா அது தன்னைத்தான்னு அவளுக்குத் தெரியலை. நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.