நாதனின் சார்ஜ் பெட்டி

கதிர்காமநாதனின் படகில் மீனை விட வயர்தான் கூட என்று முல்லைத்தீவுக் கரையில் ஒரு கதை உண்டு. அது பொய். வயர்கள் எல்லாம் படகின் பின்பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அடக்கமாகத்தான் கிடந்தன. பெட்டிக்குள் ஒரு பற்றரி. அதற்குப் பக்கத்தில், சார்ஜ் ஏறினால் பச்சையாகவும் ஏறாவிட்டால் சிவப்பாகவும் எரிகிற ஒரு கொன்ட்ரோலர். மூடியில் துளைத்துப் பூட்டிய நான்கு சார்ஜ் ஓட்டைகள். இதற்கெல்லாம் மேலே, இரண்டு குழாய்களின் தலையில், பரந்தன் சந்தியில் வாங்கிய சோலர் பலகை, பெரிய தாம்பாளம் அளவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கரையில் மற்றவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்படவில்லை. அவர்கள் கடலோடு பிறந்தவர்கள். ஒரு பனையையும் ஒரு கோபுரத்தையும் நேருக்கு வைத்துப் பார்த்து, வலை கிடக்கிற இடத்துக்குப் போய்விடுவார்கள். நாதனின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக்கு வயல் செய்ய வந்தவர். சேறு பிடிக்காமல் இருபத்திரண்டு வயதில் கடலுக்கு ஓடி வந்த நாதனுக்கு, முப்பது வருடம் ஆகியும் கடலிலிருந்து பார்த்தால் எல்லாப் பனையும் ஒரே பனைதான். அவர் நம்புவது ஜீபிஎஸ் ஒன்றைத்தான். பின்னேரம் நண்டு வலையை இறக்கும்போது அதில் ஒரு புள்ளி வைப்பார். விடிய அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு போவார். ஜீபிஎஸ் உயிரோடு இருப்பது பெட்டியால். ஆகவே பெட்டியை அவர் பார்த்த பார்வையில் கொஞ்சம் பக்தி இருந்ததில் பிழையில்லை.

பக்தி இருந்தாலும் அவர் கஞ்சன் அல்ல. பின்னேரங்களில் பக்கத்துப் படகுக்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு போனையும் டொக்டர் மாதிரிக் கையில் வாங்கி, "எத்தினை வீதம்?" என்று கேட்பார்.

"பன்ரண்டு, அண்ணை."

"பன்ரண்டுக்கு இறங்கும் மட்டும் விடுறதே? இருவதிலை கொண்டு வரவேணும். இப்பிடி விட்டால் போன்ரை ஆயுள் குறையும்."

பலகைக்குக் கிட்ட யாரும் போகக்கூடாது. "ஒரு மூலையிலை நிழல் விழுந்தாலும் முழுப் பலகையும் படுத்திடும்" என்று பரந்தன் கடைக்காரர் சொன்னதை அவர் கரை முழுக்கச் சொல்லிவிட்டார். ஒருமுறை பக்கத்துப் படகு அனோஜன் தன் சேட்டைக் கழற்றிக் குழாயில் தொங்கப் போட்டதற்கு அரை மணித்தியாலம் வகுப்பு நடந்தது. காகம் வந்து குந்தினாலும் கல் எடுத்துக்கொண்டு ஓடுவார்.

விஜயதசமியன்று அவருடைய மனைவி கமலாசனி முள்ளியவளையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கையில் சந்தனம், குங்குமம், திருநீறு, ஒரு செவ்வந்தி மாலை. வருடா வருடம் படகுக்கும் எஞ்சினுக்கும் வைப்பதுதான். இந்த வருடம் பலகை புதிது.

"இதுக்கும் வைக்கவேணுமப்பா. இதுதானே உங்கடை படகுக்கு முகம்."

"வடிவா வையுமன்" என்றார் நாதன், பெருமையோடு.

கமலாசனி அரைகுறையாக எதையும் செய்கிறவள் அல்ல. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பலகையின் இந்தக் கரை தொடங்கி அந்தக் கரை வரை மூன்று குறி இழுத்தாள். நடுவில் ஒரு பொட்டு, தோசைக்கல்லில் முதல் விடுகிற குட்டித் தோசை அளவில். மேலே திருநீறு. மாலையைச் சுற்றிக் கட்டினாள். நாதன் அதைப் படம் எடுத்து, அடுத்த படகுகளுக்கும் அனுப்பினார்.

நாலு நாளில் கொன்ட்ரோலரில் பச்சை வருவது நின்றது.

முதலில் வானத்தைக் குற்றம் சொன்னார். வானம் பளிச்சென்றுதான் இருந்தது. பிறகு தன்னோடு கடலுக்கு வரும் விஜிதரனைப் பிடித்தார். விஜிதரன் கமலாசனியின் தம்பி, முப்பத்தெட்டு வயது, தொழிலில் கெட்டிக்காரன், போனில் படம் பார்ப்பதில் அதை விடக் கெட்டிக்காரன்.

"நீ படம் பாத்துப் பாத்தே என்ரை பற்றரியை உறிஞ்சிப் போட்டாய்."

"அத்தான், நான் வீட்டிலை சார்ஜ் போட்டுக்கொண்டெல்லோ வாறனான்."

ஏழாம் நாள் கரைக்கே தடை விழுந்தது. யாருக்கும் சார்ஜ் இல்லை. போனோடு வந்த அனோஜன் திரும்பிப் போகும்போது, "வயல்காரர் மதகைப் பூட்டிப் போட்டார்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு போனான்.

"அந்தப் பற்றரியை வீட்டை கொண்டுவந்து ஒருக்கால் கறண்டிலை போட்டால் என்ன?" என்று கமலாசனி கேட்டாள்.

"எனக்குக் கறண்டே தேவையில்லையெண்டு கரை முழுக்கச் சொல்லிப் போட்டன். இப்ப பற்றரியைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடை போறது?"

முகம் காப்பாற்றப்பட்டது. எட்டாம் நாள் பின்னேரம் இருந்த கொஞ்சச் சார்ஜில் இருபது துண்டு வலையை இறக்கிப் புள்ளி வைத்துவிட்டு வந்தார்கள். அந்த இருபது துண்டும் போன வருடம் வாங்கியவை. நாதனிடம் வேறு வலை கிடையாது. வலை போனால் தமையனுடைய வயலுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. தமையன் அதற்கு முப்பது வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் விடிய வெளிக்கிட்டு, கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரம் போனதும் ஜீபிஎஸ் ஒருமுறை "கீக்" என்றது. திரை கறுத்தது.

"பரவாயில்லை, வலைக்கு மேலை மிதக்கிற கொடி தெரியும்" என்றார் நாதன்.

கொடி தெரியவில்லை. இரவு எந்தப் படகோ மேலால் ஓடி மிதப்பை அறுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். வலை அடியில் கிடக்கிறது. மேலே தண்ணீர் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு மணித்தியாலம் சுற்றினார்கள். நாதன் கரையிலிருந்த பனைகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பனைகள் உதவவில்லை. எண்ணெயும் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, பெட்டிக்கு முன்னால் குந்தி, சிவப்பு லைற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியிருந்தது. விஜிதரன் நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். கருகிய செவ்வந்தி மாலை. பனியிலும் உப்பிலும் இறுகிச் சுவருக்குப் பூசினது போல நின்ற மூன்று குறி.

"அத்தான், கோவிக்காதையுங்கோ. நிழல் விழக்கூடாதெண்டுதானே சொல்லுறனீங்கள்?"

"ஓம்."

"அப்ப உந்தச் சந்தனம் என்ன?"

நாதன் பலகையைப் பார்த்தார். விஜிதரனைப் பார்த்தார். திரும்பவும் பலகையைப் பார்த்தார்.

"அது நிழல் இல்லையடா. அது சாமி."

"சாமிதான். ஆனால் வெயில் எப்பிடி உள்ளுக்குப் போறது?"

நாதனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் கை எழும்பவில்லை. பூசையில் வைத்ததை நடுக்கடலில் வைத்து அழிப்பதா? அதுவும் கமலாசனி வைத்ததை? போனை எடுத்தார். நான்கு வீதம் இருந்தது. பன்னிரண்டுக்கு வகுப்பு எடுத்த மனிதர்.

"இஞ்சரும், கமலா. பலகையிலை வைச்ச சந்தனத்தை அழிக்கலாமோ?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? இவ்வளவு நாளும் அதை அழிக்கேல்லையோ?"

"நீர் வைச்சதெல்லோ..."

"உங்கடை நெத்தியிலையும்தான் நான் வைச்சுவிட்டனான். அண்டைக்குப் பின்னேரமே குளிச்சு அழிச்சுப் போட்டுத்தானே சோறு தின்ன வந்தனீங்கள்? அதையும் குளிப்பாட்டுங்கோ. வலை எங்கை? எடுத்தாச்சோ?"

போன் செத்தது. சரியான நேரத்தில் செத்தது என்று நாதன் பிறகு நினைத்துக்கொண்டார்.

கடல் தண்ணீர் என்றால் உப்புப் படியும் என்று, குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரை எடுத்தார்கள். நாதன் மாலையைக் கழற்றிக் கும்பிட்டுக் கடலில் விட்டார். சந்தனம் லேசில் போகவில்லை. கமலாசனியின் வேலை அல்லவா? நகத்தால் சுரண்டி, தண்ணீர் ஊற்றி, கடைசியில் தன் சறத்துத் தலைப்பால் துடைத்தார். கடைசிக் குறி போனபோது கொன்ட்ரோலர் ஒருமுறை இமைத்தது. பச்சை.

ஜீபிஎஸ் வயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இருவரும் பலகைக்கு நிழல் விழாத பக்கமாக ஒடுங்கிப் போய் இருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. முக்கால் மணித்தியாலம் போனது. திரை வெளித்தது. புள்ளி அதே இடத்தில் நின்றது. அவர்கள் ஒரு மணித்தியாலமாகத் தேடிய இடத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வயலென்றால் பக்கத்து வயலில் களை பிடுங்கியிருக்கிறார்கள்.

நாதன் கயிற்றில் கட்டிய கொளுக்கியை அடிக்கு இறக்கி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கனத்தது. மேலே வந்த வலையில் ஒரு நீல நண்டு இரண்டு கடியன் கால்களையும் விரித்துக்கொண்டு அவரைப் பார்த்தது. நாதன் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார். இருபது துண்டும் வந்தன.

வெயிலேறி வந்த படகைப் பார்க்கக் கரையில் அனோஜனும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள்.

"என்ன அண்ணை, சுணங்கிப் போச்சு?"

"கொன்ட்ரோலரிலை ஒரு சின்னப் பிழை" என்றார் நாதன். "கடலிலை வைச்சே திருத்திப் போட்டன். பின்னேரம் போனுகளைக் கொண்டு வாங்கோ."

நண்டைக் கழற்றிக்கொண்டிருந்த விஜிதரன் நிமிர்ந்தான். வாயைத் திறந்தான். நாதன் அவசரமாக அவனுடைய சேட்டுப் பையிலிருந்த போனைத் தானே எடுத்து, முதலாவது ஓட்டையில் செருகினார்.

"எத்தினை வீதம், அத்தான்?" என்றான் விஜிதரன்.

"தொண்ணூற்றாறு" என்றார் நாதன். "கிடக்கட்டும்."