நாலு மாம்பழத்துக்கு இடம்

குழந்தைக்குப் பை வாங்கப் போனபோது என் தோளில் குழந்தை இல்லை. சுருட்டிக் கட்டிய போர்வை ஒன்று இருந்தது. மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பைக் கடையில் அந்தப் போர்வையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கை ஒன்றால் மட்டும் ஒவ்வொரு பையின் ஜிப்பையும் திறந்து பார்த்தேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். நாலாவது பையில் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, எல்லாமே சென்னாகிதே. ஏதாச்சும் ஒண்ணு எடுங்க" என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து கெஞ்சினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஒத்தக் கையில தொறக்கணும். தொறக்குதா பாருங்க" என்றேன். என் கணவர் கடை வாசலில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார். எந்தப் பையாக இருந்தால் என்ன, உள்ளே போடுகிற சாமான் ஒன்றுதானே என்பது அவர் கட்சி.

வீட்டில் பை இல்லாமல் இல்லை. வளைகாப்புக்கு, என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த வெள்ளைப் பை இருந்தது. வெளியே முயல் பொம்மை, உள்ளே ஒரே குழி. பாட்டிலை எடுக்க டயப்பரை எடுக்க வேண்டும், டயப்பரை எடுக்கத் துண்டை எடுக்க வேண்டும், துண்டை உருவினால் பாலாடை தரையில் விழும். அதிலும் வெள்ளை! குழந்தைச் சாமான் வைக்கிற பையை வெள்ளையில் தைத்தவன் வாழ்க்கையில் ஒரு பிள்ளைக்காவது கால் கழுவிவிட்டிருப்பானா? இன்னொன்று ஜவுளிக் கடைக் கட்டைப்பை. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் என் மாமியார் வீட்டில் அதுதான். உழைக்கிற பை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வாய் மூடாது. பஸ்ஸில் பிரேக் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் முன் சீட்டுக்காரர் காலடியில் கிடக்கும்.

இத்தனை பாடும் பட்டது சொகுசுக்காக இல்லை. ஒன்பதாம் மாதத்தில் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் விறைத்து, வாயோரம் நுரை தள்ளியது. எனக்குக் கத்தக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார். "ஆனா ஒரு தடவை வந்தது திரும்பவும் வரலாம். உடம்பு சுட ஆரம்பிச்சாலே சொட்டு மருந்து குடுத்துடுங்க. வெளிய போனா மருந்து கைக்கு எட்டற மாதிரி இருக்கணும்" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பை என்றால் மருந்துதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி அடுக்குகிற சாமான்.

கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகுப் பை அமைந்தது. வாய் அகலமாகத் திறக்கும், திறந்தால் தானாக மூடிக்கொள்ளாது, இரண்டு பக்கமும் ஜிப் வைத்த அறைகள். நான் தெற்கத்திக்காரி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொருத்தும் லைனில் ஆறு வருஷம் நின்றவள். அங்கே ஸ்குரூ டிரைவர் படுக்க ஸ்பாஞ்சில் அதன் உருவத்துக்கே பள்ளம் வெட்டியிருப்பார்கள். பள்ளம் காலியாக இருந்தால் லைனே நிற்கும். அதைத்தான் பையில் செய்தேன். இடது அறையில் வெந்நீர் பிளாஸ்க். நடுவில் மூன்று டயப்பர், இரண்டு மாற்றுத் துணி, ஈரத்துணிக்குத் தனி கவர். வலது அறையில் ஒரு டப்பா, அதற்குள் சொட்டு மருந்து, தெர்மாமீட்டர், டாக்டர் சீட்டு. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் டப்பா கையில் வர வேண்டும். பத்துத் தடவை விட்டுப் பார்த்தேன்.

அதைப் பார்த்து என் கணவர், "வீட்டுக்கே ஃபைவ் எஸ் வந்துடுச்சுப்பா" என்று சிரித்தார். அதே தொழிற்சாலையில் அவர் லைன் லீடர். ஃபைவ் எஸ் என்றால் எந்தப் பொருளும் தன் இடத்தை விட்டு மாறக் கூடாது என்று ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிஷம் பிரசங்கம் பண்ணுகிறவர். போல்ட் முடுக்குகிற டார்க் ரெஞ்ச் ஒரு சாண் தள்ளி இருந்ததற்கு என் தோழி ஒருத்தியை அழவிட்டவர். வீட்டில் மகளுடைய துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்.

மகளுக்குப் பதினோரு மாதம் ஆனபோது ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போனோம். மாங்காய்க் காலம். மூன்று நாள் இருந்துவிட்டுக் கிளம்பினோம். ஊருக்குப் போகிறவர்கள் பையில் இடம் இருந்தால் அந்த வீட்டில் அது பெரிய குற்றம். வேர்க்கடலை, கேழ்வரகு மாவு, முருங்கைக்காய், எதையாவது திணித்தால்தான் மாமியாருக்கு மனசு ஆறும். வெறும் பையாக அனுப்பினால் ஊர் சிரிக்குமாம். இரண்டு கட்டைப்பை நிறைந்த பிறகும் அவர் கையில் நாலு செந்தூரா மாம்பழம் மிச்சம் இருந்தது. "ஏம்பா, இத எங்கயாச்சும் வெய்யி. குழந்த வாயில சப்பும்" என்று மகனிடம் கொடுத்தார். நான் அப்போது மகளுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் வேறு ஆள்.

மத்தூர் தாண்டும்போது மகள் நன்றாகத்தான் இருந்தாள். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஏறியபோது சிணுங்கினாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். குந்தாரப்பள்ளியில் சந்தை நாள். மாடு ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, பஸ் ஊர்ந்தது. மகளின் கழுத்தில் கை வைத்தேன், சுட்டது. பதறவில்லை. இதற்காகத்தானே பை. இடது கையில் அவளைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஜிப்பைத் திறந்து உள்ளே விட்டேன். கையில் மாம்பழம் வந்தது. இன்னும் உள்ளே விட்டேன். இன்னொரு மாம்பழம்.

"ஏங்க, டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

"மருந்து டப்பாங்க!"

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "அம்மா ஆசையா குடுத்தாங்க. எடம் இல்ல. டப்பாவ எடுத்து டிவி மேல வெச்சேன். கெளம்பற நேரம் கட்டைப்பையில போட்டுக்கலாம்னு..."

"போட்டீங்களா?"

அவர் கட்டைப்பையைத் திறக்கக்கூடப் போகவில்லை. பஸ் முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினேன். "நீங்கள்லாம் மனுசனா? நாலு பழத்தத் திங்காட்டி செத்தா போவீங்க? பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" அவர், "மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். பார்க்கட்டும். அதுவரை வாழ்க்கையில் அவரை அப்படி நான் பேசியதில்லை. அதற்குள் மகளின் கண் மேலே போனது. கை விறைத்தது.

பின் சீட்டில் இருந்த ஒரு பெண்தான், "ஒருக்களிச்சுப் படுக்க வைம்மா, வாயில எதுவும் வெக்காத" என்று சத்தம் போட்டார். கண்டக்டர் விசிலை ஊதி, நெரிசலிலேயே எங்களை இறக்கிவிட்டார். சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன கிளினிக் இருந்தது. அங்கே போய்ச் சேரும்போது வலிப்பு நின்று, மகள் துவண்டு என் தோளில் கிடந்தாள். உள்ளே வாங்கிக்கொண்டார்கள். மருந்து கொடுத்தார்கள். ஈரத்துணியால் துடைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து அவள் கண் திறந்து என் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

இனிப் பயமில்லை என்றார் டாக்டர். அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போன பிறகு நர்ஸ் என் பக்கம் திரும்பினார். ஜிப் மூடாத பையை, அதில் தெரிந்த மாம்பழத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஏற்கெனவே ஒரு தடவ வந்த புள்ளன்னு சொல்ற. சொட்டு மருந்து எடுத்துக்கணும்னு தோணலயா? மாம்பழம் வெக்க எடம் இருக்குது, மருந்து வெக்க எடம் இல்லயா? அம்மாவா இருந்துக்கிட்டு இப்பிடியா இருப்ப?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மகளின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். நர்ஸ் இன்னும் இரண்டு வாக்கியம் திட்டினார். காத்திருந்தேன். "இனிமே கரெக்டா இருப்போம் சிஸ்டர்" என்றார் அவர். இருப்போமாம்! நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் அழுதுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நர்ஸின் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சீட்டைப் படித்தேன். காய்ச்சல் எவ்வளவு, என்ன மருந்து, எத்தனை சொட்டு. எல்லாவற்றுக்கும் கீழே இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். தாய்க்கு அறிவுரை சொல்லப்பட்டது என்று அதற்கு அர்த்தம். சீட்டை அவரிடம் நீட்டினேன்.

"படிங்க."

படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"வைக்காதீங்க. உள்ள போயி, டப்பாவ எடுத்தது நாந்தான்னு சொல்லுங்க."

"இப்ப அத சொல்லி இன்னா ஆவப் போவுது? புள்ள நல்லா இருக்குதில்ல?"

"சொல்லிட்டு வந்தாத்தான் இந்த இடத்த விட்டு எந்திரிப்பேன். ஓசூர் பஸ் எத்தன போனாலும் சரி."

என்னை அவருக்குத் தெரியும். சீட்டோடு உள்ளே போனார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் குரல் நன்றாகக் கேட்டது. அதில் ஒளிவு மறைவு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"சிஸ்டர், அவ மேல தப்பு இல்ல. அவ எல்லாம் எடுத்துதான் வெச்சிருந்தா. மாம்பழம் வெக்கறதுக்காக மருந்த நான்தான் வெளிய எடுத்தேன். திரும்ப வெக்க மறந்துட்டேன்."

நர்ஸ் சிரிப்பது கேட்டது. கோபமே இல்லாத, நல்ல சிரிப்பு.

"அட, வுடுங்க சார். ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும்? கெளம்பறதுக்கு முன்னாடி அவங்கதான் ஒரு தடவ பாத்திருக்கணும்."

அவர் வெளியே வந்து சீட்டை என்னிடம் கொடுத்தார். தாய்க்கு என்று எழுதிய வரியில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை.