வைகுண்டராஜனின் பெரிய குடும்பம்

அஞ்சுகிராமத்துக்குப் போகிற வழியில், எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே டீக்கடை வைத்திருப்பவர் வைகுண்டராஜன். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வந்த பிறகு, நோயாளியின் பெயரோடு போன் நம்பரும் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் உஷார். வீட்டுப் போன் யார் கையிலாவது கிடக்கும்; மாத்திரை வாங்கச் சொல்லி மெசேஜ் வந்தால் மருமகள் வாசித்துவிடுவாள். அதனால் பதிவு செய்கிற சபிதாவிடம், "டீக்கடை அண்ணாச்சி நம்பரப் போடு மக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். என் ரத்தக்கொதிப்பும் அவர் போனில்தான் இருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் ஒரு மெசேஜையும் விடமாட்டார். டீ கொடுக்கிற சாக்கில் காதோடு சொல்லிவிடுவார். ஆனால் தன் காலை மட்டும் பார்க்கமாட்டார். இடது பெருவிரலில் ஒரு புண், ஒரு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை பாருங்கள் என்று மனைவி அன்னக்கிளி சொல்லாத நாளில்லை. "ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புலயே நிக்கேன், எனக்கு என்ன வரும்?" என்பார். அது வீறாப்பு இல்லை, பயம். அவருடைய அப்பாவுக்கு இப்படி ஒரு புண்ணில் தொடங்கித்தான் கால் போனது.

போன மாதம் சென்னையிலிருந்து மகேஷ்குமார் என்று ஒரு அதிகாரி வந்தார். ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டரை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்று சரிபார்ப்பது அவர் வேலை. ஒரே நம்பர் பக்கம் பக்கமாக வருவதைக் கண்டு, அந்த நம்பருக்குப் போன் போட்டார். எதிர்க்கடையில் மணி அடித்தது.

நேரே கடைக்கு வந்தார். "உலகம்மை, ஆறுமுகப்பெருமாள், ஜெனின்... இவங்க எல்லாம் உங்களுக்கு யாருங்க?"

சபிதாவுக்குக் கேடு வந்துவிடக்கூடாதே என்று அண்ணாச்சி துணிந்துவிட்டார். "எல்லாம் நம்ம குடும்பம்தான் சார்."

"கர்ப்பிணிங்க மட்டும் பதினோரு பேர் இருக்காங்களே?"

"கொஞ்சம் பெரிய குடும்பம்."

நாங்கள் தலையைத் தூக்காமல் டீ குடித்தோம். மகேஷ்குமாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவு பெரிய குடும்பத்துல உங்க பேரை மட்டும் காணோமே?"

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அன்னக்கிளி கையை உதறிக்கொண்டு வந்தாள். "நல்லாக் கேளுங்க சார். தலைவரு பேரு இல்லாம குடும்பத்த எப்படி எழுதுவிய?" பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "வாங்க போவோம். இல்லன்னா நீங்க சொன்னது பொய்யின்னு ஆயிரும். அந்த சபிதா பிள்ளைக்க வேலைக்கில்லா கேடு."

சொந்தப் பொய்யிலேயே மாட்டிக்கொண்ட மனுஷர் ரோட்டைக் கடந்தார். வேடிக்கை பார்க்க நாங்களும் பின்னாலேயே போனோம்.

சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. அதைக் கேட்டதும் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் புண்ணைப் பார்த்து முடிக்கிறவரை அண்ணாச்சி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலு போயிருமா டாக்டரே?"

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா போயிருக்கும். இப்ப காப்பாத்திரலாம்."

அதுவரை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்த அன்னக்கிளி பெஞ்சில் உட்கார்ந்து விம்மி அழுதாள். இனி அவரவர் நம்பரைக் கொடுக்க வேண்டும் என்று மகேஷ்குமார் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டினோம்.

சபிதா மெதுவாகக் கேட்டாள், "அண்ணாச்சி, நம்பரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அன்னக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் நம்பரைச் சொன்னாள்.